முகத்தகட்டுக்கு ஒரு முடிச்சு

எமெரிக் பிரபுவுக்குக் கவசம் மாட்டுவதைவிடக் கழுதைக்கு லாடம் அடிப்பது சுலபம் என்பது பெரோவின் கட்சி. கழுதை உதைக்கும், அதோடு சரி. வாய் பேசாது.

"இறுக்காதடா, மூச்சு முட்டுது."

"இன்னும் கட்டவே ஆரம்பிக்கலீங்க ஐயா."

"அப்ப ஏன் முட்டுது?"

"நேத்து தின்ன பன்னிக்கறி முட்டுதுங்க."

விடிந்தும் விடியாத நேரம். ஆற்றோரம் நின்ற மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் நாற்பது பேர் சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். எதிரே கரைமேட்டின் கோடியில் மாவரைக்கும் ஆலை. ஆங்கிலேய ராஜாவிடம் கூலிக்குச் சேர்ந்த கஸ்கோன் ஆட்கள் அதைப் பிடித்து உட்கார்ந்து, வழியில் பீப்பாய்களையும் வண்டிச் சக்கரங்களையும் அடுக்கித் தடுப்புக் கட்டியிருந்தார்கள். அதை உடைத்து ஆலையைப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு வேலை அதுதான்.

பெரோ கரி சுடுகிறவன் மகன். பத்து வயதிலிருந்து புகையில் வெந்து, இருபதில் இந்தப் பிரபுவிடம் வந்து சேர்ந்தவன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். பிரபுவின் கவசத்தை மணலும் காடியும் போட்டுத் துலக்குவது, எண்ணெய் பூசுவது, சண்டை நாளில் மாட்டிவிடுவது, முடிந்ததும் கழற்றுவது எல்லாம் அவன் பொறுப்பு. கவசம் மிலான் நகரத்துச் சரக்கு. யாரோ ஒரு நெட்டைப் பிரபு காய்ச்சலில் செத்து, அவன் மனைவி விற்று, எமெரிக் பிரபு நிலத்தை அடகு வைத்து வாங்கியது. முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் நீளம். மற்றபடி குறை சொல்ல முடியாது.

அந்த இரும்பைப் பெரோ நம்பினான். வாளால் அதை வெட்டக்கூடியவன் இன்னும் பிறக்கவில்லை. அம்பு வந்தால் மார்புத்தகட்டின் வளைவில் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு கீறல் விழும், மறுநாள் பெரோ அதைத் தேய்த்து எடுப்பான். குறுக்குவில் அம்பு பக்கத்திலிருந்து நேராக வந்தால்தான் பயம். அக்குளிலும் கவட்டிலும் தகடு போட முடியாது, அங்கே இரும்பு வளையப் பின்னல். அதையும் அவனே ஒவ்வொரு வளையமாகப் பார்த்து வைத்திருந்தான். பாக்கி இருந்தது முகம் ஒன்றுதான். முகத்துக்கும் தலைக்கவசத்தில் நல்ல கனமான தகடு இருந்தது. கண்ணுக்கு ஒரு கீற்று, மூச்சுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள். இத்தனை இரும்பையும் உடம்பில் ஏற்றிக்கொண்டு, சாவு நுழைய மிச்சமிருக்கிற அந்த ஒரே கதவைத் தன் கையாலேயே திறந்து வைக்கிற மனிதரை என்ன சொல்வது?

எமெரிக் பிரபு முகத்தகட்டைத் தூக்குவார். மூச்சு வாங்கத் தூக்குவார். துப்பத் தூக்குவார். அடுத்தவனைத் திட்டத் தூக்குவார். போன வருஷம் ஒரு பாலத்துச் சண்டையில், "இடது பக்கம் போங்கடா" என்று சொல்லத் தூக்கினார். அம்பு காதோரத்திலிருந்து உதடு வரை உழுதுவிட்டுப் போனது. இரண்டு பல் போயிற்று. அன்றிலிருந்து அவர் பேச்சில் ஒரு விசில் சத்தம். புத்தி மட்டும் வரவில்லை.

அவரைப் படுக்கையில் பார்த்த பிரபுவின் மனைவி, பெரோவைத் தனியாகக் கூப்பிட்டார். பிள்ளைகள் இரண்டும் இன்னும் பொடிசுகள். பிரபு செத்தால் வீடும் நிலமும் அவர் தம்பி கைக்குப் போகும். அந்தத் தம்பி முதல் காரியமாகப் பெரோவின் குடிசையைப் பிரித்து விறகாக்குவான். அதைப் பலமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்.

"பெரோ, அடுத்த தடவ அவர உசுரோட கொண்டு வா. இல்லன்னா நீயும் வராத. உன்ன இந்த வாசல்ல தனியா பாத்தா எனக்கு என்ன பண்ணுவேன்னு தெரியாது."

"அவரு மூடிய தூக்குறாரும்மா. நான் என்ன பண்ண?"

"எனக்குத் தெரியாது. நீதான மாட்டிவிடுற?"

நீதானே மாட்டிவிடுகிறாய். அந்தப் பேச்சு அவன் மண்டைக்குள் ஒரு வருஷமாகக் குடைந்துகொண்டிருந்தது.

தொடைத்தகடு, முழங்கால், முதுகு, மார்பு, தோள் என்று வரிசையாக மாட்டிக்கொண்டே வந்தான். உள்ளே போடும் பஞ்சு தைத்த சட்டையிலிருந்து நீளும் ஒவ்வொரு கயிற்றையும் அந்தந்தத் தகட்டின் ஓட்டையில் நுழைத்து முடிச்சுப் போட வேண்டும். ஒன்று தளர்ந்தால் தகடு தொங்கும்; ஒன்று இறுகினால் கை மேலே போகாது. நடுவில் துணி வெளுக்கிற அலிசோன் வந்தாள். படையோடு பத்து வருஷமாக வருகிறவள். தலைக்கவசத்தின் உள்துணியைத் தைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"இந்தாங்க பிரபு. வேர்வ நாத்தம் போக மூணு தடவ அலசினேன். போகல."

"வீரனோட வாசனை அது."

"ஆட்டுக்கும் அதே வாசனதாங்க," என்றவள் பெரோவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கும் தூக்குவாரா?"

"தூக்காம? சூரியன் உதிக்காட்டியும் இவரு மூடி உதிக்கும்."

"ஒரு ஆணிய வெச்சு அடிச்சுடேன்யா."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பெரோ சிரிக்கவில்லை.

"ஐயா, ஒரே ஒரு வார்த்த. இன்னைக்கு மட்டும் தூக்காதீங்க."

"டேய், நீ ஒரு நாள் இதுக்குள்ள தலைய விட்டுப் பாருடா. கொதிக்கிற கஞ்சிப் பானைக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கும். எதிர்ல நிக்கறவன் மூக்கு தெரியாது. பக்கத்துல கத்துறவன் பேச்சு கேக்காது."

"போன வருஷம் எல்லாம் நல்லா தெரிஞ்சுது. எல்லாம் நல்லா கேட்டுது. பல்லுதான் போச்சு."

"என் ஆளுங்க என் முகத்தப் பாக்கணும்டா. அப்பதான் அவனுங்களுக்குத் தைரியம் வரும்."

அந்த முகத்தைப் பார்த்து யாருக்குத் தைரியம் வரும் என்று பெரோவுக்குத் தெரியவில்லை. தலைக்கவசத்தை வைத்தான். தாடைத்தகடுகளை இழுத்துச் சேர்த்தான். முகத்தகட்டைக் கீழே இறக்கினான். அதன் ஓரத்தில் தூக்குவதற்கென்று ஒரு குமிழ் இருக்கும். இடுப்பிலிருந்து ஒரு தோல்வாரை எடுத்தான். தண்ணீர்ப் பீப்பாயில் ஒரு முக்கு முக்கினான். குமிழில் இரண்டு சுற்று, தாடைக்குக் கீழே வளையத்தில் ஒரு சுற்று, அதன்மேல் கரி மூட்டை கட்டுகிற முடிச்சு. ஈரத்தோல் இழுக்க இழுக்க இறுகும்.

"என்னடா பண்ற கீழ?"

"தாடை வார் தளந்திருக்குங்க ஐயா. இறுக்குறேன்."

"சீக்கிரம்."

"ஆச்சு. போயிட்டு வாங்க."

கொம்பு ஊதியது. நாற்பது பேரும் கரைமேட்டில் ஏறி ஓடினார்கள். எமெரிக் பிரபு நன்றாகவே ஓடினார். அந்த இரும்போடு அவர் ஓடுவார், ஏறுவார், விழுந்தால் எழுந்திருப்பார். அதிலெல்லாம் குறை இல்லை. பெரோ வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் குந்தி, ஆரக்கால் இடுக்கு வழியாகப் பார்த்தான்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து அம்புகள் கிளம்பின. ஒன்று பிரபுவின் தோளில் பட்டுத் தெறித்து ஆற்றில் விழுந்தது. ஒன்று தொடைத்தகட்டில் சறுக்கியது. பிரபுவின் கை வழக்கம்போல முகத்துக்குப் போனது. குமிழைப் பிடித்துத் தூக்கினார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். வரவில்லை. மூன்றாவது முறை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அம்பு ஒன்று நேராக வந்து முகத்தகட்டின் நடு மூக்கில் டங்கென்று இடித்தது. தலை பின்னால் போயிற்று. அம்பு ஒடிந்து விழுந்தது. பிரபு நின்றார். தலையை உதறினார். மறுபடி ஓடினார்.

பெரோ துள்ளி எழுந்து பக்கத்தில் நின்ற குதிரைக்காரனின் தோளில் ஓங்கி அடித்தான். "பாத்தியா? பாத்தியாய்யா? தூக்கியிருந்தா இந்நேரம் பின்மண்டையில வந்திருக்கும்!"

"என்னை ஏன்யா அடிக்கிற?"

அந்தச் சந்தோஷம் அதிக நேரம் நிற்கவில்லை. தடுப்புக்குப் பின்னால் அவர்கள் நினைத்ததைவிட இரண்டு மடங்கு ஆட்கள் இருந்தார்கள். வண்டிகளுக்குப் பின்னால் நின்ற படைத்தளபதியின் கொம்பு திரும்பி வரச்சொல்லி ஊதியது. முன்னால் போனவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு திரும்பினார்கள். ஒருவர் மட்டும் திரும்பவில்லை. பிரபுவுக்குக் கொம்பு கேட்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்பதும் தெரியவில்லை. அந்தக் கீற்று வழியாகத் தெரிந்த ஒரு பீப்பாயை நோக்கி, நாற்பது பேரும் கூடவே வருகிற நினைப்பில், கோடரியைத் தூக்கிக்கொண்டு தனியாக ஓடிக்கொண்டிருந்தார்.

"ஐயா! ஐயோ, திரும்புங்கய்யா!" பெரோ தொண்டை கிழியக் கத்தினான். "யாராவது சொல்லுங்களேன் அவருகிட்ட!"

திரும்பி ஓடி வந்தவன் ஒருவன், "சொன்னோம்யா. செவுடன் மாதிரி போறாரு" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு ஓடினான்.

பிரபு பீப்பாயை அடைந்தார், கோடரியால் ஒரு போடு போட்டார், மறுபக்கத்திலிருந்து யாரோ நீளக் கழியால் நெஞ்சில் தள்ள, கரைமேட்டிலிருந்து உருண்டு ஆலை வாய்க்காலின் களிமண் சேற்றில் குப்புற விழுந்தார். மூன்று பேர் தடுப்பைத் தாண்டிக் குதித்து இறங்கினார்கள்.

வெறும் கூலிப்படை வில்லாளிகள். ஒருவன் கையில் கூடார முளை அடிக்கிற பெரிய மரச்சம்மட்டி. பிரபு எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் அவன் முதுகில் ஒன்று போட்டான். கோயில் மணி மாதிரி சத்தம் வந்தது, தகடு நசுங்கவில்லை. இன்னொருவன் வாளால் தோளில் கொத்தினான், வாளின் விளிம்புதான் ஒடிந்தது. அவரைப் புரட்டி மல்லாக்கப் போட்டார்கள். முகத்தகடு முழுக்கக் களிமண் அப்பியிருந்தது. மூச்சு விடுகிற ஓட்டை ஒன்றுகூடத் தெரியவில்லை.

மூன்றாவது ஆள் கொஞ்சம் வயதானவன், நரைத்த தாடி. ஊசி மாதிரி மெல்லிய குத்துவாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டான். "யாரு நீ? பேர் சொல்லு! சரணடையிறியா?"

பிரபு வலது கையை ஆட்டினார். பிறகு முகத்தகட்டில் முஷ்டியால் குத்தத் தொடங்கினார். டக், டக், டக்.

பிரபு சண்டை போடவில்லை. சரணடையப் பார்க்கிறார். முகத்தைக் காட்டி, பேரைச் சொல்லி, வலது கையுறையைக் கழற்றிக் கொடுத்தால் முடிந்தது. பிரபு என்றால் மீட்புப் பணம். பணம் வருகிற ஆளைக் கஸ்கோன்காரன் கொல்லமாட்டான், கோழி அடித்துச் சோறு போடுவான். பேர் சொல்லாத ஆள் வெறும் பிணம், கழற்றிக்கொள்ள நல்ல கவசத்தோடு. இரும்பைப் பற்றி இத்தனை வருஷம் கவலைப்பட்டவனுக்கு, அந்தத் தகடு தூக்குவதற்கும் சேர்த்துத்தான் செய்யப்பட்டது என்பது அந்த வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால்தான் உறைத்தது.

"எழவு," என்றான். குதிரைக்காரனைப் பார்த்தான். "எழவுடா இது." பிறகு ஓடினான்.

அவன் உடம்பில் இருந்தது பழைய துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த சட்டை ஒன்றுதான். ஓடும்போது கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "அடிக்காதீங்க! பணக்காரரு! பணக்காரரு அவரு!" என்று கத்தினான். மேலே இருந்து ஒருவன் அம்பு விட்டான். அது அவன் இடுப்புத் துணியில் தைத்துத் தொங்கியது. முனை கொஞ்சம் சதையைத் தொட்டிருக்க வேண்டும், சுரீர் என்றது. நின்று பார்க்க நேரமில்லை. கரையிலிருந்து சறுக்கிச் சேற்றில் விழுந்து, நாலு காலில் தவழ்ந்து வந்தான்.

நரைத்த தாடிக்காரன் குத்துவாளை அக்குள் பின்னலில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். வளையங்கள் விடவில்லை. சலித்துப்போய்க் கண்ணின் கீற்றைத் தேடிச் சேற்றைத் துடைக்கத் தொடங்கினான்.

"அண்ணே! அண்ணே, வேணாம்! அவரு சரணடையத்தான் பாக்குறாரு! மூடி தொறக்கல!"

சம்மட்டிக்காரன் பெரோவின் கழுத்தைப் பிடித்தான். "யார்றா நீ?"

"அவரோட ஆளு. கட்டியிருக்கு, கீழ கட்டியிருக்கு, அத அறுக்கணும்."

"கட்டியிருக்கா?" தாடிக்காரன் நிமிர்ந்தான். "எவன்டா மூடியக் கட்டினான்?"

"நான்தான்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்கும் அவருக்கும் என்னய்யா பகை?" என்றான் வாள்காரன்.

"அதெல்லாம் அப்புறம்ணே! மூச்சு இல்ல அவருக்கு!"

டக் டக் நின்றுவிட்டிருந்தது. பெரோ தாடைக்குக் கீழே விரலை விட்டான். பிரபு இழுத்த இழுப்பில், ஈரத்தோலில் போட்ட கரி மூட்டை முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. நகம் ஒடிந்தது. குனிந்து பல்லால் கடித்தான், சேறுதான் வாயில் வந்தது. இடுப்பைத் தடவினான், ஓடி வந்ததில் கத்தி எங்கோ விழுந்திருந்தது. தாடிக்காரனிடம் கையை நீட்டினான்.

"அந்தக் கத்தியக் குடுங்க."

"எது, இதா? உன்கிட்டயா?"

"குடுய்யா! செத்துட்டா உனக்கும் ஒண்ணும் இல்ல, எனக்கும் ஒண்ணும் இல்ல!"

அது தாடிக்காரனுக்கு நியாயமாகப் பட்டது. கொடுத்தான். சம்மட்டியை மட்டும் பெரோவின் மண்டைக்கு மேலே தயாராகப் பிடித்துக்கொண்டார்கள். பெரோ வாரை அறுத்தான். முகத்தகட்டை இரண்டு கையாலும் தள்ளித் தூக்கினான். உள்ளே பிரபுவின் முகம் வெந்த பீட்ரூட் மாதிரி இருந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு வாய் திறந்தது. ஆலைச் சக்கரம் தண்ணீரை இழுக்கிற சத்தத்தோடு காற்று உள்ளே போயிற்று. இருமினார். சேற்றைத் துப்பினார்.

"பேரு!" என்றான் தாடிக்காரன்.

பிரபு பெரோவைப் பார்த்தார். "யார்றா... கட்டினது?"

"மொதல்ல பேரச் சொல்லுங்கய்யா!"

"நீயாடா?"

"பேரு! பேரு!"

"எமெரிக்... கோம்ப்லோங் பிரபு." விசிலோடு வந்தது. பிறகு தாடிக்காரனை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு? நல்ல குடும்பத்து ஆளா? நான் கண்டவன்கிட்ட கையுறை குடுக்க மாட்டேன்."

"எங்கப்பன் செருப்புத் தைக்கிறவன். என் பேரு மெஞ்சோ."

"வேற யாராவது..."

பெரோவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் பிரபுவின் மேல், அவர் அனுமதி இல்லாமல், கை வைத்தான். வலது கையுறையின் வாரை அவிழ்த்தான், ஒரே இழுப்பில் உருவினான், மெஞ்சோவின் கையில் திணித்தான். "இந்தாங்கண்ணே. சரணடைஞ்சாச்சு. ஆச்சா?"

"ஆச்சு," என்றான் மெஞ்சோ. கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டான். "பிரபு, நீங்க இனி என் ஆளு. ஒரு கொசுகூட உங்களக் கடிக்காது. டேய், இவன என்ன பண்றது?"

"இவனுக்கு என்ன பணம் வரும்?" என்றான் சம்மட்டிக்காரன்.

"ஒண்ணும் வராதுங்க," என்றான் பெரோ. வேறு என்ன சொல்வது?

மெஞ்சோ குத்துவாளைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பெரோ பிரபுவைப் பார்த்தான். பிரபு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கோபம் இன்னும் இறங்கவில்லை. இதற்குள் வாள்காரனுக்கு அவசரம். கவசத்தில் தன் பங்கை இப்போதே பார்த்துவிட வேண்டும். பிரபுவின் தோள்தகட்டைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. திருப்பினான். பிரபு அலறினார். வாளை எடுத்து வாரில் வைத்தான்.

"அறுக்காத!" என்று மெஞ்சோவும் பெரோவும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"வார அறுத்தா தொங்கலா போயிடும்டா. அப்புறம் அரைவிலைக்குக்கூட எவனும் வாங்க மாட்டான்," என்றான் மெஞ்சோ. தானே குனிந்து பார்த்தான். எங்கே பார்த்தாலும் கயிறு, கொக்கி, முடிச்சு. ஒன்றை அவிழ்த்தான்; தகடு அசையவில்லை. இன்னொன்றை இழுத்தான், அது அதிகமாக இறுகியது. "எவன்யா இத இப்படிக் கட்டினான்? எங்கேருந்துடா ஆரம்பிக்கணும்?"

பிரபுதான் சொன்னார், வானத்தைப் பார்த்துக்கொண்டு. "அவன விட்டா எவனாலும் கழட்ட முடியாது. நான் செத்தாலும் முடியாது. அவன் போடுற முடிச்சு அந்த மாதிரி. இன்னைக்கு அனுபவிச்சேனே."

மெஞ்சோ குத்துவாளை உறையில் போட்டான். "கழட்டு."

பெரோ இடது தோளில் தொடங்கினான். தோள், கை, மார்பு, முதுகு. அம்பு இன்னும் அவன் இடுப்புத் துணியில் ஆடிக்கொண்டிருந்தது. சம்மட்டிக்காரன்தான் பாவம் பார்த்துப் பிடுங்கிப் போட்டான். கடைசியில் பிரபு வேர்வையில் நனைந்த பஞ்சுச் சட்டையோடு, நனைந்த பூனை மாதிரி நின்றார். கவசம் முழுவதும் ஒரு சாக்கில் பெரோவின் முதுகில் ஏறியது. கரைமேட்டில் ஆலையை நோக்கி நடந்தார்கள்.

"உன்கூட நான் பேசப் போறதில்ல," என்றார் பிரபு.

"சரிங்கய்யா."

நாலடி போவதற்குள், "அம்பு மூக்குல பட்டுதே. பாத்தியா?" என்றார்.

"பாத்தேங்க."

"நல்ல அடி." தடவிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "டேய். அந்த அம்பு பட்டுத்தான் மூடி சிக்கிடுச்சுன்னு சொல்லணும். யாரு கேட்டாலும். வேலைக்காரன் எசமான் மூஞ்சியக் கட்டிப் போட்டான்னு வெளிய தெரிஞ்சா, நான் ஊர்ல தல காட்ட முடியாது. வீட்ல அவகிட்டயும் அதத்தான் சொல்லணும்."

பிரபுவின் மனைவியிடம் என்ன சொல்வது என்பதை அவரே கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். உசுரோடு கொண்டு வரச் சொன்னார், உசுர் இருக்கிறது. "சரிங்கய்யா. அம்புதான்."

தடுப்பு நெருங்கியது. பீப்பாய்களின் மேல் கஸ்கோன் ஆட்கள் வரிசையாக ஏறி நின்றார்கள். முன்னால் போன மெஞ்சோ இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டான்.

"டேய், எல்லாரும் வாங்கடா! யார் வர்றாருன்னு பாருங்க! வேலைக்காரன் வாயக் கட்டிப் போட்ட பிரபு வர்றாரு!"

சிரிப்பு கரைமேட்டின் அந்தக் கோடி வரை போயிருக்கும். அங்கே வண்டிகளுக்குப் பின்னால் பிரபுவின் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். எமெரிக் பிரபுவின் முகம் மறுபடியும் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது.

"பெரோ," என்றார், உதடு அசையாமல். "அந்தத் தலைக்கவசத்த எடுத்துக் குடுடா."

"இப்ப அது அவங்களோடதுங்க ஐயா," என்றான் பெரோ. மூட்டையை முதுகில் ஏற்றிப் போட்டுக்கொண்டு நடந்தான்.